மூன்றே முக்கால் ஹெக்டேர்

நிலம் என் பேரில்தான்.
உறுதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது,
ஓட்டுத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் நின்ற
முழங்கால் இரண்டும் சாட்சிக்கு இருக்கின்றன.
காட்டுப்பன்றி மட்டும் யார் பேரிலும் இல்லை.

"உயிரோடு இருக்கும்வரை அதற்கு உரிமையாளர் கிடையாது"
என்றார் கந்தோரில் திருமதி ஹில்லஸ்ஹைம்.
"செத்தால்?"
"செத்தால் பல் வைத்தியருக்குச் சொந்தம்."

இன்னொரு முறை கேட்டேன். அவவும் இன்னொரு முறை சொன்னா.
எழுபத்தைந்து ஹெக்டேர் இருந்தால் நீ உன் காட்டுக்கு ராசா.
குறைந்தால், ஊரார் காணியெல்லாம் ஒரே பாய்.
அந்தப் பாயைச் சுருட்டி
கொப்ளென்ஸ் நகரத்துப் பல் வைத்தியருக்கு
ஒன்பது வருடக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது சங்கம்.
நீயும் சங்கத்தில் ஆள்தான்;
வாங்கிய அன்றே சேர்ந்துவிட்டாய்.
வருடாவருடம் பதினெட்டு யூரோ நாற்பது சதம் வருகிறதே,
அது என்னவென்று நினைத்தாய்?

வரியில் ஏதோ மிச்சம் என்று நினைத்தேன்.

புல்வெளியை உழுதுவிட்டுப் போயிருந்தன.
ஏர் பிடித்தவன்கூட இவ்வளவு ஆழம் போகமாட்டான்.
முறைப்பாடு ஏழு நாளுக்குள்.
எட்டாம் நாள் போனால் குழி முழுக்க என்னுடையது.

சரி, உரிமமே எடுத்துவிடுவோம் என்று
ஐம்பத்தொன்பது வயதில் வகுப்புக்குப் போனேன்.
பக்கத்து வாங்கில் மீசை அரும்பாத பொடியன்.
இருபது வருடம் பாடுபட்டுப் படித்த ஜெர்மன் மொழி
அங்கே வாசலிலேயே நின்றுவிட்டது:
மானின் கண்ணுக்கு விளக்கு என்று பெயர்,
முயலின் காதுக்குக் கரண்டி,
இரத்தத்துக்கு வியர்வை.
பரீட்சைத் தாளில் இரத்தம் என்றே எழுதினேன்.
சிவப்பு மையால் வெட்டி
வியர்வை என்று திருத்தியிருந்தார்கள்.

இரண்டாம் தரம் பாஸ்.
படம் ஒட்டிய உரிமம், காப்புறுதி, துப்பாக்கிக்கு இரும்புப் பெட்டி.
எல்லாம் வந்த பிறகு சொல்கிறார்கள்:
என் காணியில் நான் சுட
பல் வைத்தியர் கையெழுத்து வேண்டுமாம்.

கடைவாய்ப் பல்லைச் சாட்டாக வைத்துப் போனேன்.
வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பது கஷ்டம்.
"ஆ, ஆ" என்றேன்.
துளைகருவியை நிறுத்தாமலே டாக்டர் எக்கெஸ் சொன்னார்:
"இரண்டு பன்றி. அதற்கு மேல் இல்லை.
சின்னதை முதலில். தாயைத் தொடாதீர்கள்."

பங்குனி நிலவு. பரண்மேல் நான்,
போர்வைக்குள் பிளாஸ்கும் துப்பாக்கியும்.
ஒரு மணிக்கு வந்தாள்,
பின்னால் கோடு போட்ட குட்டிகள் ஆறு,
சறுக்கி, முட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி.

சட்டம் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.
தாயைச் சுட்டால் குட்டிகள் பட்டினியில் சாகும், அது குற்றம்.
ஆகவே குட்டிகளைச் சுடு.
தாய் பார்த்துக்கொண்டு நிற்கலாம்,
அதற்குத் தடை ஏதுமில்லை.

பாதுகாப்பு விசையில் விரல் இருந்தது.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
தேநீர் ஆறிப்போயிருந்தது.

பிறகு எழுந்து நின்று கத்தினேன்.
என்ன கத்துவதென்று யோசிக்கவில்லை, வாயில் வந்தது
"ஆலோலம், ஆலோலம்!"
தினைப்புனத்துப் பெண்கள் கிளிக்குச் சொன்னது
ஹுன்ஸ்றுக் பன்றிக்கு விளங்கியது.
ஏழும் மரங்களுக்குள் மறைந்தன.

காலையில் டாக்டர் எக்கெஸ் தொலைபேசியில்.
ஊரே கேட்டதாம். இனி மூன்று கிழமைக்கு
ஒரு மிருகமும் அந்தப் பக்கம் வராதாம்.
பிரிவு இருபத்தாறு, என்றேன்.
காணிக்காரன் விலங்கைக் காயப்படுத்தாமல் துரத்தலாம்,
உரிமம் தேவையில்லை.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நேற்றுக் கிளறிய இடத்தை அடியால் அளந்தேன்:
நீளம் பதினொன்று, அகலம் நாலு.
படிவத்தில் முதல் நாள் என்று எழுதி ஒப்பமிட்டேன்.
பல் இன்னும் வலிக்கிறது.
அடுத்த தவணை வியாழன், காலை எட்டேகால்.